தனியாக வசிக்கும் பெரியவர்கள்: கைப்பிடி, படிக்கட்டு, மழை, காஸ் – கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார், எங்களோடு வர மறுக்கிறார். பாத்ரூமில் கைப்பிடியை எந்த உயரத்தில் வைப்பது?

பதில்: டேப் எடுக்கும் முன் சுவரைப் பாருங்கள். அம்மா தினமும் கை ஊன்றும் இடத்தில் பெயின்ட் மங்கி, எண்ணெய்க் கறை படிந்திருக்கும். கைப்பிடி அங்கேதான் வர வேண்டும். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுகிறார் என்றால் முதல் வேலை அந்த இடத்தில்தான். அந்தக் கம்பி ஆள் எடை தாங்காது.

உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். துளை போட்டால் மாவு மாதிரி கொட்டும், பிளாஸ்டிக் பிளக் நிற்காது. சுவரின் மறுபக்கம் வரை போல்ட் விட்டு, பின்னால் தகடு வைத்து இறுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். ரப்பரால் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கதவு. அது உள்பக்கம் திறப்பதாக இருந்தால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தாழ்ப்பாள், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற வகையாக இருக்கட்டும். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஒரு நைட் லேம்ப். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் சட்டென்று எழ வேண்டாம். கால் தொங்கப்போட்டு ஒன்றிரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றி விழுகிறவர்கள் நிறைய.

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்கு முழங்கால் வலி. இந்தியன் டாய்லெட்டை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை.

பதில்: உடைக்க வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள கமோட் ஸ்டூல் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும். கால்களில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும், உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும். அவ்வளவுதான்.

கேள்வி: வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தை கீழே அடிபம்பில் தண்ணீர் பிடித்து ஏறுகிறார். படிக்கட்டில் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் குடத்தை நிறுத்துங்கள். இடுப்பில் குடம் ஏறினால் ஒரு கை போச்சு, காலடியும் மறைந்துவிடும். மாசம் ஒரு தொகை பேசி யாரையாவது தூக்கித் தரச் சொல்வது எந்த ஆபரேஷனை விடவும் மலிவு. படி விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட் கோடு, ஒவ்வொரு திருப்பத்திலும் பல்பு. கைப்பிடிக் கம்பி கடைசிப் படியையும் தாண்டி ஓரடி நீளட்டும். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்து விழுவது அங்கேதான். அக்கம்பக்கத்தாரிடம் பேசி, திருப்பத்தில் நிற்கும் சைக்கிளையும் செருப்பு ஸ்டாண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதை விட இந்தப் பேச்சுதான் கஷ்டம், தெரியும்.

கேள்வி: புளியந்தோப்பில் தரைத்தளத்தில் பெற்றோர் மட்டும் இருக்கிறார்கள். மழைக்காலத்துக்கு என்ன ஏற்பாடு?

பதில்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. ரெட் அலர்ட் வந்த அன்றே மேல்மாடி வீட்டுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய்விட வேண்டும். தண்ணீர் வந்த பிறகு கிளம்பினால், மூடி போன சாக்கடைக் குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. பிளக் பாயின்ட்களை மார்பு உயரத்துக்கு ஏற்றுங்கள்; 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள், மின்கசிவு வந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும். ஒரு பையில் பத்து நாள் மாத்திரை, மருந்துச் சீட்டு, மாற்றுக் கண்ணாடி. மாநகராட்சி எண் 1913, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

கேள்வி: திருவொற்றியூரில் பாட்டி அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார்.

பதில்: சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடும் பழக்கம் வரட்டும். ரப்பர் டியூபின் தேதியைப் பாருங்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் வேண்டாம். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து, காஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். ஆனால் மறதி புதிதாக வந்திருந்தால் அடுப்பைச் சரிசெய்து பயனில்லை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலோ வேறு டாக்டரிடமோ காட்டுங்கள். பி12 குறைவு, தைராய்டு, தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம்.