வேறு பிராசஸருக்கு மாற்றியதும் டிரைவர் தடுமாறுவது ஏன்?

இன்டெல் போர்டில் ஒழுங்காக ஓடிய லினக்ஸ் டிரைவர் 64 பிட் ஆர்ம் போர்டில் எப்போதாவது சொதப்புகிறது, சாதனத்தின் ரெஜிஸ்டர்களை (அதை இயக்கும் கட்டுப்பாட்டு இடங்களை) வாலட்டைல் (volatile) பாயின்டர் வழியாகத் தொடுகிறோம், எப்படிச் சீர்செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாலட்டைல் கம்பைலரைத்தான் கட்டிப்போடும், பிராசஸரை அல்ல; பிராசஸர் எழுதும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். திருப்பூரில் ஒரு நிட்டிங் மெஷின் கன்ட்ரோலருக்கு நான் எழுதிய கோடிலும் இதே கூத்துதானுங்க. டிஎம்ஏ (சாதனமே மெமரியை நேரடியாக அணுகும் முறை) டிஸ்கிரிப்டரை, அதாவது சாதனத்துக்கான வேலைக் குறிப்பை, மெமரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் ரெஜிஸ்டரில் ஸ்டார்ட் பிட்டைப் போட்டிருந்தேன். ஆர்மில் பிட் முந்திக்கொண்டது. சாதனம் பழைய டிஸ்கிரிப்டரையே படித்தது. மடை திறக்கும் முன்னே மோட்டாரைப் போட்ட கதை. எக்ஸ்86 (இன்டெல் வகை பிராசஸர்) எழுதும் வரிசையைக் காப்பதால் அங்கே இந்தப் பிழை வெளியே தெரியவில்லை.

லினக்ஸ் கர்னல் தரும் ரைட்எல் (writel) ஃபங்ஷனைப் பயன்படுத்தினால், முன்பு மெமரியில் எழுதியவை சாதனத்துக்குத் தெரிந்த பிறகுதான் ரெஜிஸ்டரில் எழுதும். அதன் ரிலாக்ஸ்டு (writel_relaxed) வகையில் இந்தக் காவல் கிடையாது. வேகத்துக்கு ஆசைப்பட்டு எல்லா இடத்திலும் அதைப் போடாதீர்கள்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? முதல் பேட்ச்சில் நடத்தையை மாற்றவே வேண்டாம். எல்லா அணுகலையும் இரண்டு சின்ன இன்லைன் ஃபங்ஷனுக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம் அவற்றுக்குள் மட்டும் ரீட்எல் (readl, படிப்பதற்கு), ரைட்எல் வையுங்கள். பாயின்டருக்கு, இது சாதன முகவரி என்று காட்டும் ஐஓமெம் (__iomem) குறி போட்டு, ஸ்பார்ஸ் (sparse) என்ற கோடு சரிபார்க்கும் கருவியை ஓட்டினால், விட்டுப்போன நேரடி அணுகல்கள் மாட்டிக்கொள்ளும்.

டிரைவருக்குள் இன்லைன் அசெம்பிளி (அந்தந்த பிராசஸருக்கே உரிய கட்டளைகள்) இருந்தால் அதை, பிராசஸர் வாரியான கோடு இருக்கும் கர்னலின் ஆர்ச் (arch) டைரக்டரிக்குத் தள்ளிவிடுங்கள். பெயரிலேயே குழப்பம் உண்டு: எம்எஸ்ஆர் (MSR) என்பது எக்ஸ்86-இல் ரெஜிஸ்டர் வகை, ஆர்மில் ரெஜிஸ்டரில் எழுதும் கட்டளை.