மூஞ்சூறின் நாக்கில் இரண்டு அகழிகள்

கேள்வி: எங்கள் வீட்டு நெல் மூட்டைகளின் ஓரமாக ஒரு மூஞ்சூறு ஓடுகிறது. கரப்பான் பூச்சியைக் கடித்துத் தின்பதைப் பார்த்தேன். அந்த முள்கால்கள் நாக்கைக் குத்தாதா? எலிக்கும் இதே மாதிரி நாக்குதானா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் ஒரு விஷயம், அதை அடித்துவிடாதீர்கள். அது நெல்லுக்காக வரவில்லை, பூச்சிக்காக வருகிறது. பார்க்க எலி மாதிரி இருந்தாலும் அது எலி இனமே இல்லை, முள்ளெலிக்குத்தான் சொந்தம்.

இனி நாக்குக்கு வருவோம். விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில், பாரஃபின் மெழுகில் பதித்த நாக்கை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மெல்லிசாகச் சீவி, ஹீமடாக்சிலின், ஈயோசின் சாயம் ஏற்றி நிறைய பார்த்திருக்கிறேன். நாக்கின் மேல்பரப்பு முழுக்கச் சிறு முளைகள். பாடப்புத்தகத்தில் இவற்றுக்குப் பாப்பில்லா என்று பெயர். பெரும்பாலானவை கூம்பு வடிவில் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும். நுனியில் நம் நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் ஏறிக் கெட்டிப்பட்டிருப்பதால் முள்கால் உரசினாலும் தாங்கும். பூச்சி நழுவாமல் பின்னால் தள்ளவும் உதவும். இவற்றில் சுவை மொட்டு கிடையாது. இடையிடையே காளான் தலை போன்ற முளைகள் உண்டு, அவற்றில் சுவை மொட்டு இருக்கும்.

என்னை மிகவும் கவர்ந்த இடம் நாக்கின் பின்கோடி. அங்கே வட்டமான மேடு, அதைச் சுற்றி அகழி. சுவை மொட்டுகள் அகழியின் சுவரில் புதைந்திருக்கும். அடியில் சிறு சுரப்பிகள் தண்ணீர் போன்ற உமிழ்நீரை விட்டு, பழைய சுவையை அலசி வெளியேற்றும். இந்தச் சுரப்பிகளை 1873-ல் விவரித்தவர் ஆஸ்திரிய உடற்கூறியலாளர் விக்டர் ஃபான் எப்னர். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அடுத்த கவளத்தைப் புதிதாகச் சுவைக்க இந்த அலசல் இல்லாமல் முடியாது. எனக்கு இது பெரிய அதிசயம்.

எலிக்கும் சுண்டெலிக்கும் இப்படி ஒரே ஒரு மேடு, நடுவில். மூஞ்சூறுக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. முள்ளெலிக்கு மூன்று. நாக்கின் பின்பகுதியை மட்டும் கையில் கொடுத்தால்கூட எலியா மூஞ்சூறா என்று சொல்லிவிடலாம்.

இந்த மொட்டுகள் கசப்பையும் உணரும். விஷமுள்ள பூச்சிகள் பலவும் கசக்கும். விழுங்குவதற்கு முன்னால் கடைசிச் சோதனை இங்கேதான். அதையும் தாண்டி உள்ளே போய்விட்டால்? மூஞ்சூறு வாந்தி எடுக்கும், எலியால் அது முடியாது. 1987-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வாந்தி பற்றிய ஆராய்ச்சிக்கு மூஞ்சூறைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

கேள்வி: நம் நாக்கில் இவற்றைப் பார்க்க முடியுமா?
- ஒரு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக. நாக்கு நுனியில் நீலநிற உணவுச் சாயம் ஒரு சொட்டு தடவிக் கண்ணாடியில் பாருங்கள். சாயம் சரியாக ஒட்டாமல் இளஞ்சிவப்பாகத் தெரியும் புள்ளிகள்தான் காளான் முளைகள். அகழி மேடுகள் நமக்கு 8 முதல் 12 வரை, நாக்கின் பின்கோடியில் V வடிவில் இருக்கும். நாக்கை நன்றாக நீட்டினால் சிலருக்குத் தெரியும். அதைக் கட்டி என்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரிசையாக இருந்தால் பயம் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் புதிதாக ஒரு புண்ணோ தடிப்போ வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.