களைக்கொல்லில இருந்து வந்த மாத்திரையாமே, நான் சாப்பிடலாமா டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயசு. ரொம்ப வருஷமா முதுகு வலி, முட்டி வலி. போன வருஷம் முட்டி ஆபரேஷன் பண்ணப்போ உள்ள குருத்தெலும்பு கருப்பா இருக்குன்னு டெஸ்ட் எடுத்து அல்காப்டோனூரியான்னு சொன்னாங்க. நிட்டிசினோன் தினமும் 10 மில்லிகிராம் எழுதிக் குடுத்திருக்காங்க. நெட்ல பார்த்தா அது களைக்கொல்லின்னு போட்டிருக்கு, பயந்துபோய் இன்னும் ஆரம்பிக்கல. நான் கட்டினது மாமா பொண்ணு, எங்க 6 வயசு குழந்தைக்கும் யூரின் கொஞ்ச நேரம் இருந்தா கருப்பாகுது. அவளுக்கும் பாதி மாத்திரை குடுக்கலாமா?

பதில்: முதல்ல குழந்தை விஷயம், அதுதான் அவசரம். உங்க மாத்திரைய ஒடச்சு அவளுக்குக் குடுக்கவே குடுக்காதீங்க. இந்த நோய்க்கு இந்த மருந்தை பெரியவங்களுக்கு மட்டும்தான் அனுமதிச்சிருக்காங்க. சின்ன வயசுல யூரின் கருப்பாகறதத் தவிர பெருசா எதுவும் பண்ணாது, மூட்டுத் தொந்தரவு பெரும்பாலும் முப்பது வயசு வாக்குலதான் ஆரம்பிக்கும், அதனால நமக்கு நேரம் இருக்கு. இப்ப அவளுக்கு வேண்டியது யூரின்ல ஹோமோஜென்டிசிக் ஆசிட் டெஸ்டும் ஒரு ஜெனடிக்ஸ் டாக்டரும்தான்.

இப்ப உங்க விஷயம். நாம சாப்பிடற புரோட்டீன்ல டைரோசின்னு ஒரு அமினோ ஆசிட் இருக்கு, மிச்சமானத உடம்பு படிப்படியா ஒடச்சு வெளியேத்தும், ஒவ்வொரு படிக்கும் ஒரு என்சைம். நடுவுல வர்ற ஹோமோஜென்டிசிக் ஆசிட்ட ஒடைக்கிற என்சைம் உங்களுக்கு வேலை செய்யல. அது தேங்கி கொஞ்சம் யூரின்ல போகுது, மிச்சம் குருத்தெலும்பு, முதுகெலும்பு டிஸ்க், இதய வால்வுன்னு போய் கருப்பா படிஞ்சு அதையெல்லாம் நொறுங்கற மாதிரி ஆக்கிடுது. உங்க வலி அதுதான். நிட்டிசினோன் கெட்டுப்போன என்சைம ரிப்பேர் பண்றதில்ல, அதுக்கு ஒரு படி முன்னாடி இருக்கற ஹெச்பிபிடிங்கற நல்ல என்சைமப் பிடிச்சு நிறுத்துது. வாய்க்கால் கீழ அடைச்சு வயல் மூழ்கும்போது மேல் மடையை மூடற மாதிரி. வயல் தப்பிக்கும், ஆனா மடைக்கு மேல தண்ணி ஏறும்ல, அப்படித்தான் உங்க ரத்தத்துல டைரோசின் ஏறும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

களைக்கொல்லின்னு நீங்க படிச்சது பொய் இல்ல. நம்ம ஊரு பார்க்குல சிவப்பா பூக்குமே பாட்டில் பிரஷ், 1977ல கலிஃபோர்னியாவுல ஒரு ஆராய்ச்சியாளர் அந்தச் செடிக்கு அடியில களை அவ்வளவா முளைக்கலன்னு கவனிச்சார். அதுல இருந்த லெப்டோஸ்பெர்மோன்ங்கற வேதிப்பொருளை வெச்சு வளர்ந்த களைக்கொல்லிக் குடும்பத்துல பொறந்ததுதான் நிட்டிசினோன், இன்னிக்கு மக்காச்சோளத்துக்கு அடிக்கிற டெம்போட்ரையோன்ங்கற களைக்கொல்லியும் இதே என்சைமத்தான் பிடிக்குது. செடிக்கு இந்த என்சைம் நின்னா இலை வெளுத்து செத்துரும், ஏன்னா இலையை வெயில்ல காப்பாத்தற நிறமிகள் உருவாக அது வேணும். நமக்கு அந்த வேலையே கிடையாது. ஸ்வீடன்ல கோத்தன்பர்க் நகரத்துல ஸ்வென் லிண்ட்ஸ்டெட் குழு டைரோசினீமியா டைப் 1ங்கற கல்லீரல் அழியற நோய் வந்த குழந்தைகளுக்கு இதைக் குடுத்து 1992ல முடிவை வெளியிட்டாங்க, அதுக்கு முன்னாடி அந்தக் குழந்தைங்கள்ல நிறைய பேர் சின்ன வயசுலயே செத்துப் போவாங்க. எங்கிருந்து வந்துச்சுங்கறத வெச்சு இந்த மருந்தை ஒதுக்காதீங்க, என்ன டோஸ், என்ன கண்காணிப்புங்கறதுதான் முக்கியம்.

உங்க நோய்க்கு ஐரோப்பாவுல 138 பேரை நாலு வருஷம் பார்த்த ஆய்வுல, தினமும் 10 மில்லிகிராம் சாப்பிட்டவங்களுக்கு யூரின்ல அந்த ஆசிட் 99 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சது, நோய் முன்னேறற வேகமும் குறைஞ்சது. 2020ல ஐரோப்பாவுல அனுமதி வந்துச்சு. நான் உங்க இடத்துல இருந்தா ஆரம்பிப்பேன். ஆனா ஏற்கனவே கருத்துத் தேஞ்சுபோன குருத்தெலும்ப இது திருப்பிக் கொண்டுவராது, அதனால யூரின் தெளிஞ்சும் முட்டி வலிக்குதேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

இப்ப அந்த டைரோசின். ரத்தத்துல அது ரொம்ப ஏறினா கருவிழில துகளா படியும். அந்த ஆய்வுல மருந்து எடுத்தவங்கள்ல ஏழு பேர்ல ஒருத்தருக்குக் கண் பாதிச்சது, லேசான எண்ணிக்கை இல்ல இது. கண் சிவக்கறது, மண் விழுந்த மாதிரி உறுத்தறது, தண்ணி வடியறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம கூசறது, இதுல ஒண்ணு வந்தாலும் மெட்ராஸ் ஐன்னு நினைச்சு மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்திட்டு இருக்காதீங்க, அன்னிக்கே மருந்து எழுதின டாக்டருக்கு போன் பண்ணுங்க, கண் டாக்டர்கிட்டயும் நிட்டிசினோன் சாப்பிடறேன்னு சொல்லுங்க, ஏன்னா சொல்லலைனா அவங்க வைரஸ் புண்ணுன்னு நினைச்சு வைத்தியம் பண்ண வாய்ப்பு இருக்கு. மருந்தை நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிடும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை கண் செக்கப், ரத்தத்துல டைரோசின் அளவு ரெண்டையும் எடுத்து வெச்சுக்கோங்க.

சாப்பாட்டுல புரோட்டீனை அளவா வைக்கணும், விட்டுடக் கூடாது. தினமும் கறி, முட்டை, பனீர்னு சேர்த்துச் சாப்பிடறவரா இருந்தா அதைக் குறைங்க, ஜிம்முல விக்கற புரோட்டீன் பவுடர் பக்கம் போகவே வேண்டாம். பருப்பு, தயிர் எவ்வளவுங்கறத டயட்டீஷியன் உங்க எடையைப் பார்த்துத்தான் சொல்லணும், நான் இங்க அளவு எழுதினா அது தப்பாப் போயிடும். வைட்டமின் சி போட்டா போதும்னு யாராவது சொல்லுவாங்க, அதுல நிரூபணமான பலன் இல்ல.

ஒரு எக்கோ எடுத்து இதய வால்வைப் பாருங்க, உங்க வயசுக்கு இது அவசியம். கிட்னி கல்லும் இதுல சகஜம். கூடப்பொறந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, அவங்களையும் யூரின் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. உங்களுக்கு இந்த நோய் இருந்து மனைவிக்கு இந்த நோயோட கெட்ட ஜீன் ஒண்ணு மட்டும் இருந்தா அடுத்த குழந்தைக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதனால ஜெனடிக்ஸ் டாக்டரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க ஒருவேளை இப்ப கர்ப்பமா இருந்தா அதையும் முதல்லயே சொல்லிடுங்க.