அம்மாவின் கண்ணும் ஏஐயும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 72 வயது. வாசலில் போட்ட கோலத்தில் நடுக்கோடு மட்டும் நெளிந்து தெரிகிறது என்கிறார். விழித்திரையின் மையம் தேய்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார். போன வாரம் ஒரு கிளினிக்கில், "வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, ஏஐ மூலம் தேர்ந்தெடுத்து, கண்ணில் ஊசியாகப் போடுவோம். சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம், 4 லட்சம்" என்றார்கள். ஏஐயால் இந்தத் துறை முன்னேறுகிறது என்று நீங்களும் எழுதியிருந்தீர்கள். நகையை வைத்தாவது செய்துவிடலாமா?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை வைக்காதீர்கள். அந்த ஊசி வேண்டாம்.

கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இப்படித்தான் 2015-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று பெண்களின் இரண்டு கண்களிலும் போட்டார்கள். மூவருக்கும் உங்கள் அம்மாவுக்கு இருக்கும் நோய்தான். சில நாட்களிலேயே பார்வை பெருமளவு போய்விட்டது.

நான் எழுதிய முன்னேற்றம் வேறு. முதிர்ந்த செல்லை, வேறு எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஆரம்ப நிலைக்கு, அதாவது ஒருவகை ஸ்டெம் செல்லாகத் திருப்பலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006-ல் எலியில் காட்டினார். 24 மரபணுக்களில் தொடங்கி, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, நான்கு போதும் என்று கண்டார். ஒரு மரபணுவை முடுக்கினால் அது வேறு பலவற்றை இழுக்கும். அவற்றில் சில முதலாவதையே அடக்கும். இந்த இழுபறியை மொத்தமாகக் கணக்கில் எடுப்பதுதான் சிஸ்டம்ஸ் பயாலஜி என்ற துறை.

அப்புறம் அந்தச் செல்லை விழித்திரைக்கு அடியிலிருக்கும் நிறமிச் செல்லாக வளர்க்க வேண்டும். நன்றாக முதிர்ந்தால் அது பழுப்பேறி, தேனடைபோல அறுகோணமாக நெருங்கி உட்காரும். ஆனால் ஒரே குறிப்பை வைத்து இரண்டு பேர் வளர்த்தால் இரண்டு விதமாக வரும், நம் வீட்டு இட்லி மாவைப் போல. ஜப்பானின் ரிக்கென் என்ற ஆய்வு நிறுவனத்தினர் இந்தக் கைப்பக்குவத்தை ரோபோவுக்கும் ஏஐக்கும் பழக்கினார்கள். ஒரு சுற்றின் விளைவைப் பார்த்து, அடுத்து எதை முயல்வது என்று ஏஐ கணிக்கும். வளர்க்கும் முறையில் 20 கோடி சேர்க்கைகளுக்கு இடமிருந்தும், 111 நாட்களில் 143 வகைகளை மட்டும் வளர்த்துப் பார்த்து, நிறமேறும் அளவை 88 சதவீதம் கூட்டிவிட்டார்கள். 2022-ல் அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

காலையில் எடுத்து மாலையில் போடுகிற இடத்தில் ஏஐ எதைத் தேர்ந்தெடுக்கும்? வளர்ப்பதற்கே நேரமில்லையே.

நன்றாக வளர்ந்துவிட்டாலும் போதாது. 2014-ல் ஜப்பானின் கோபே நகரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு, அவருடைய தோல் செல்லிலிருந்தே உருவாக்கிய நிறமிச் செல்களை வைத்தார்கள். நோய் மேலும் போகாமல் நின்றது. பார்வை பெரிதாகக் கூடவில்லை. இரண்டாவது நோயாளிக்கும் செல்கள் தயார். மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உடம்புக்குள் போன செல் என்ன செய்கிறது என்று பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி இந்த நோய்க்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே தரலாம். ஆய்வென்றால் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அம்மாவை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண்ணால். நெளிவு திடீரென்று கூடியிருந்தால், உள்ளே புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியலாம். அதற்கு நிரூபிக்கப்பட்ட ஊசிமருந்து இருக்கிறது, ஆனால் தாமதிக்கக் கூடாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். நாளைக் காலையிலேயே கூட்டிப்போங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.