அல்சூர் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்கும் முன்

அக்கா, நல்ல மார்க் வாங்கிய மகளை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். உண்மையில் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது உங்கள் தம்பி அவளுக்காகப் பேசி வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் கோட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டும், அதற்காக அடகுக்குப் போகவிருக்கும் பெங்களூரு அல்சூர் வீடும்தான். வைக்காதீர்கள். இதில் பேச்சே கிடையாது. அவளுக்கு இயற்பியல்தான் சரி, ஏன் என்று சொல்கிறேன்.

எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய ஆர்டுயினோ என்ற சின்ன மின்சுற்று போர்டில் தான் செய்த தெர்மாமீட்டரை அவள் என்னிடம் காட்டினாள். கடைசி இலக்கம் ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் அவள் கவலை. அந்த போர்டு 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். இதைவிட நுணுக்கமாக, வேகமாக அளக்க வழியில்லையா என்று கேட்டாள்.

இருக்கிறது. கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்கள் மீக்கடத்திகள். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு வைத்தால் அது ஜோசப்சன் சந்தி. சிக்னல் ஏற ஏற அதிலிருந்து பிக்கோசெகண்ட் (ஒரு செகண்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவிலான மின்துடிப்புகள் கிளம்பும். ஒவ்வொன்றின் பரப்பும், அதாவது வோல்டேஜ் பெருக்கல் நேரம், எப்போதும் 2.07 மில்லிவோல்ட்-பிக்கோசெகண்ட். மளிகைக்கடை எடைக்கல் தேயும், இது தேயாது. துடிப்புகளை எண்ணினால் சிக்னல் எண்ணாகிவிடும். ரேடார், ரேடியோ ரிசீவர்களுக்கு இது பெரிய விஷயம். நியோபியம் என்ற உலோகத்தில் செய்தால் 4 கெல்வின் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) வரை குளிரவைக்க வேண்டும், செலவு கொல்லும். 1987-ல் கண்டுபிடித்த இட்ரியம்-பேரியம்-காப்பர் ஆக்சைடோ 92 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடும். 77 கெல்வின் திரவ நைட்ரஜன் போதும். ஆனால் அங்கே வெப்பத்தால் எழும் மின் இரைச்சல் அதிகம், எண்ணிக்கை பிசகும். ஒரே மாதிரி சந்திகளை நிறையச் செய்வதும் இன்னும் பெரும்பாடு.

ஆகவே இதற்கென்று கேம்பஸ் இன்டர்வியூ நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மெல்லிய படலம் படியவைப்பது, க்ளீன்ரூம் எனும் தூசியில்லா அறையில் வேலை, கடுங்குளிரில் அளப்பது என்று கை பழகினால் குவாண்டம் ஆய்வகங்களிலும் வேலை உண்டு. 2023-ல் மத்திய அரசு தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அதன் குவாண்டம் கம்ப்யூட்டிங் மையம் நம்ம ஊர் இந்திய அறிவியல் கழகத்தில், அதாவது ஐ.ஐ.எஸ்.சி.யில்.

வழி இதுதான்: செலவு குறைந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் ஜாம் எனும் தேசிய நுழைவுத் தேர்வு, அதன் வழியாக ஐ.ஐ.எஸ்.சி.யின் எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சியும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி. அங்கே மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள். ஜாம் கடினம்தான். ரேங்க் வராவிட்டால் வேறு எங்காவது எம்.எஸ்சி. படிக்கட்டும், வீடாவது கையில் இருக்கும்.

"பிசிக்ஸ் படித்தால் டீச்சர் வேலைதான்" என்று தம்பி சொன்னால் அவரை ஐ.ஐ.எஸ்.சி. பொதுமக்களை உள்ளே விடும் ஓபன் டே அன்று அழைத்துப் போங்கள். அதுவரை சீட்டுக்கு அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.