ஒரு 'சி' கிரேடும் ஆய்வு உதவித்தொகையும்

வணக்கம் சார்,

என் அக்கா மகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். எம்.டி.யும் பி.எச்டி.யும் சேர்த்துப் படிக்கிறான். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச்., இப்படி இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்குத் தரும் எஃப்30 உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். கல்லூரியில் கரிம வேதியியலில் 'சி' வாங்கியவன். அந்த ஒன்றே போதும், ஒதுக்கிவிடுவார்கள் என்று அக்கா தினமும் போனில் அழுகிறாள். நிஜமா சார்?

செல்வி, குடியாத்தம்

அன்புள்ள செல்வி,

அக்காவிடம் இன்றே சொல்லுங்கள்: அந்த 'சி' விண்ணப்பத்தில் இருக்கவே போவதில்லை. 2025 ஜனவரி 25இலிருந்து வரும் விண்ணப்பக் கெடுக்களுக்கு என்.ஐ.எச். படிவத்தை மாற்றிவிட்டது. கிரேடுகளைக் கேட்பதில்லை, நாமாக எழுதவும் கூடாது. அதற்கு முன்பு பாடவாரியாகப் பட்டியல் போட வேண்டியிருந்தது. அக்காவின் பயம் அப்போது நியாயமானதுதான்.

இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். பத்தொன்பது வயதில் எழுதிய பரீட்சையை வைத்து ஒருவர் ஆய்வில் எவ்வளவு தாக்குப்பிடிப்பார் என்று சொல்ல முடியாது. நம் வேலூரையே பாருங்கள். சி.எம்.சி.யில் ஆய்வாளர் ககன்தீப் காங் குழுவினர், நெரிசலான தெருக்களில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை வீடுவீடாகப் போய்ப் பார்த்துவந்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் ஒருமுறை தொற்றியபின் உடலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பிற நாடுகளில் கண்டதைவிட இங்கே குறைவு என்று 2011இல் வெளியிட்டார்கள். விடாமல் அந்தப் படிகளை ஏறியிறங்கும் பொறுமையை எந்த மதிப்பெண் பட்டியலில் தேடுவது?

இப்போது மதிப்பிடுவது மூன்றை: மாணவரின் இலக்கு, தயாரிப்பு, திறன் ஒன்று, ஆய்வும் அதற்கான வசதிகளும் இன்னொன்று, பயிற்சித் திட்டம் மூன்றாவது. முதலாவதில்தான் பையன் மெனக்கெட வேண்டும். எந்தச் சோதனை சொதப்பியது, ஏன், அடுத்து எதை மாற்றிப் பார்த்தான் என்று விவரமாக எழுதட்டும். வேதியியலுக்குச் சமாதானம் எழுத வேண்டாம். பரிந்துரைக் கடிதம் தருபவர்களிடமும் கிரேடைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும். அவனோடு ஆய்வுக்கூடத்தில் நின்றவர்கள் எழுதுவதே நல்லது. பெரிய பெயருக்காக யாரையும் தேட வேண்டாம்.

ரெசிடென்சிக்கு, அதாவது பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் எடுக்கும் பயிற்சிக்கு, போகும்போது மருத்துவப் படிப்பின் பதிவுகளைப் பார்ப்பார்கள், அது தனி.

முதல்முறை கிடைக்காவிட்டாலும், மதிப்பிட்டவர்களின் குறிப்புகள் பையனுக்கு வரும். வழிகாட்டியோடு உட்கார்ந்து அவற்றை வரிவரியாகப் படித்துத் திருத்தி, முதலில் அனுப்பியதிலிருந்து 37 மாதத்துக்குள் இன்னொரு முறை அனுப்பலாம்.