டைட்டானிக் கட்டணம் – கடிதம்

வணக்கம் ஐயா,

பழைய கப்பல் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் டேட்டா சயின்ஸ் மாணவி. எங்களுக்கு முதல் பயிற்சியே டைட்டானிக் பயணிகள் அட்டவணைதான். வயது, வகுப்பு, கட்டணம் இவற்றை வைத்து யார் பிழைத்திருப்பார் என்று கணிக்க வேண்டும். கட்டணம் 7.8958, 8.6625 என்றெல்லாம் இருக்கிறது. டிக்கெட்டுக்கு இப்படியா விலை வைப்பார்கள்? 891 பேரில் 15 பேருக்குப் பூஜ்யம் வேறு. பதிவில் பிழை, சராசரியைப் போட்டு நிரப்பு என்கிறார் ஆசிரியர். நிரப்பலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

7.8958 என்று யாரும் விலை வைக்கவில்லை. அன்றைய பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 7 பவுண்டு 17 ஷில்லிங் 11 பென்ஸைத் தசமத்தில் எழுதினால் அப்படி வருகிறது. அந்தக் கால மூன்று ரூபாய் ஐந்தணாவைக் கால்குலேட்டரில் போட்டாலும் இதே கூத்துதான்.

இந்தத் தொகைகளை உற்றுப் பார்த்தால் ஆள் எந்தப் பக்கத்துக்காரர் என்றே ஓரளவு சொல்லிவிடலாம். 7.75 என்றால் பெரும்பாலும் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் ஏறியவர். 7.8958 வரிசையில் பல்கேரியாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பிய ஆண்கள் நிறைய. 1912 இங்கிலாந்தில் விவசாயக் கூலி வாரத்துக்கு ஒரு பவுண்டைக்கூடத் தொடாது. எட்டு பவுண்டு என்பது வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாலும் இரண்டு மாதச் சம்பாத்தியம். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ மாமனோ டிக்கெட் வாங்கி அனுப்பி வந்தவர்களும் உண்டு.

அந்தக் காசுக்குப் படுக்கையும் சாப்பாடும் சேர்த்தி. ஏப்ரல் 14 அன்று மூன்றாம் வகுப்பின் மதியச் சாப்பாடு: அரிசி சூப், வறுத்த மாட்டிறைச்சி, மக்காச்சோளம், அவித்த உருளைக்கிழங்கு, பிளம் புட்டிங். மெனு அட்டையின் பின்பக்கம் தபால் அட்டை. ஊருக்கு எழுதிப் போட்டால், அதைப் பார்த்து அடுத்த ஆள் டிக்கெட் வாங்குவான். கெட்டிக்காரத்தனமான விளம்பரம்.

சரி, பூஜ்யம். தயவுசெய்து நிரப்பாதீர்கள். அந்த 15 பேரும் நிஜமாகவே காசு கொடுக்காமல் வந்தவர்கள். எட்டுப் பேர் கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் ஆட்கள். முதல் பயணத்தில் ஏதாவது பழுது வந்தால் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டார்கள். கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் அவர்களில் ஒருவர். நான்கு பேர் அமெரிக்கன் லைன் என்ற கப்பல் நிறுவனத்தின் ஊழியர்கள். நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தால் அவர்களுடைய கப்பல் கிளம்பவில்லை, இதில் மூன்றாம் வகுப்பில் ஏற்றிவிட்டார்கள். அமெரிக்கன் லைன், டைட்டானிக்கை நடத்திய ஒயிட் ஸ்டார், இரண்டுமே அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கன் உருவாக்கிய கூட்டு நிறுவனத்தின் கீழ் இருந்தவை. மிச்சம் மூவரில் இருவர் ஒயிட் ஸ்டார் தலைவர் புரூஸ் இஸ்மேயின் செயலாளரும் வேலையாளும், இன்னொருவர் ஹாலந்து-அமெரிக்கா லைன் என்ற கப்பல் நிறுவனத்தின் இயக்குநர். இந்தப் பதினைந்து பேரில் பிழைத்தது ஒரே ஒருவர், அமெரிக்கன் லைன் ஊழியர். இஸ்மேயும் ஓசிப் பயணம்தான். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் உங்கள் பயிற்சியில் அட்டவணை இரண்டு: யார் பிழைத்தார் என்ற விடையோடு 891 பேரைத் தரும் முதலாவது, நீங்கள் கணிக்க வேண்டியவர்களை விடை இல்லாமல் தரும் இரண்டாவது. அவர் பெயர் இரண்டாவதில் இருக்கிறது.

பூஜ்யத்தைவிடப் பெரிய வம்பு 512.3292. இருப்பதிலேயே பெரிய தொகை இதுதான். இது யார் பெயருக்கு எதிரே இருக்கிறது என்று பாருங்கள். ஆன்னா வார்ட் என்று ஒருவர் வருவார். அவர் சார்லட் கார்டேசா என்ற பணக்கார அம்மாளின் பணிப்பெண்! அட்டவணையில் இருப்பது ஆளுக்கான கட்டணம் இல்லை, டிக்கெட்டுக்கான கட்டணம். அந்த ஒரே டிக்கெட்டில் அம்மா, மகன், பணிப்பெண், வேலையாள் என நான்கு பேர். உங்கள் நிரலோ ஆன்னாவைக் கோடீஸ்வரி என்றே நினைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வகுப்பில் நேரெதிர். அங்கே பெரிய தொகை 69.55. வசதியானவர்கள் என்று தோன்றும். அது இங்கிலாந்தின் பீட்டர்பரோவிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் குடியேறப் புறப்பட்ட ஸேஜ் குடும்பம். அப்பா, அம்மா, ஒன்பது பிள்ளைகள். தலைக்கு ஆறேகால் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது அயர்லாந்துக்காரர் கொடுத்ததைவிடக் குறைவு. பதினொரு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆகவே ஒரே டிக்கெட் எண்ணில் எத்தனை பேர் என்று எண்ணி, தொகையை வகுத்துவிட்டு அப்புறம் கணிப்பைத் தொடங்குங்கள். முதல் அட்டவணையை மட்டும் எண்ணினால் ஸேஜ் குடும்பத்தில் ஏழு பேர்தான் கிடைப்பார்கள். மிச்சம் நான்கு பேர் இரண்டாவதில் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக்கொண்டு எண்ணுங்கள்.